ஏழு வயதின் மனச்சான்று

(திருக்குடும்ப விழாவை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இந்த விழாவுக்கென நாம் சிந்திக்கும் நற்செய்திப் பகுதி, ஒரு பிள்ளை காணாமற்போன நிகழ்ச்சி. லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பாஸ்கா விழா முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தில் 12 வயது இயேசு இல்லை. ஒரு நாள் பயணம் கழிந்த பிறகே பெற்றோருக்கு அது தெரியவருகிறது. உறவினரிடம் தேடுகிறார்கள், அறிமுகமானவர்களிடம் தேடுகிறார்கள், மறுபடியும் எருசலேமுக்கே ஓடுகிறார்கள். மூன்று நாள்களுக்குப் பிறகு கோவிலில் காண்கிறார்கள். இயேசுவோ போதகர்களின் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? முதலில் கை பேசியிருக்கும், பிறகுதான் வாய் பேசியிருக்கும். அன்னை மரியாவும் வேதனைப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால், ஏன் இப்படிச் செய்தாய் என்று மகனிடம் கேட்டார். கேட்டதோடு, பதிலுக்கு இடமும் கொடுத்தார். வந்த பதில் அவருக்கும் சூசையப்பருக்கும் புரியவில்லை என்று லூக்கா வெளிப்படையாகவே எழுதுகிறார். புரியாத பதிலைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று அன்னை ஒதுக்கிவிடவில்லை. உள்ளத்தில் பத்திரப்படுத்தி வைத்தார். பிள்ளைக்குள் கடவுள் ஏதோ பேசுகிறார், அது நமக்கு இன்னும் எட்டவில்லை என்று ஏற்கும் பணிவு அது. இன்று நம் குடும்பங்களுக்கு வேண்டியது இந்தப் பணிவுதான்.

பிள்ளைகளின் சொந்தத் தீர்மானத்தை நம்புவது மேல்நாட்டு நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் திருஅவை என்ன செய்கிறது என்று பாருங்கள். முன்பெல்லாம் பல நாடுகளில் 10, 12 வயது வரையும், சில இடங்களில் அதற்கு மேலும், பிள்ளைகள் புதுநன்மைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1910 ஆகஸ்ட் 8-ஆம் நாள் வெளியிட்ட ஆணை அதை மாற்றியது. சுமார் 7 வயதில் பிள்ளைக்குப் பகுத்தறிவு விழித்துக்கொள்கிறது. நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் அந்தப் பிள்ளை ஆண்டவரின் பந்திக்கு வரலாம் என்றார் அவர். திருஅவைச் சட்டத்தின் 97-ஆம் பிரிவும், 7 வயது நிறைந்த பிள்ளை பகுத்தறியும் ஆற்றல் பெற்றதாகவே கொள்ள வேண்டும் என்கிறது.

புதுநன்மைக்கு முன் அந்தப் பிள்ளை ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருகிறது. நாம் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அம்மா வெளியே நிற்கிறார். பிள்ளை தனியாக முழந்தாளிடுகிறது. எது நல்லது, எது கெட்டது, எதில் தான் தவறியது என்று தன் மனச்சான்றைத் தானே ஆய்ந்து சொல்கிறது. உள்ளே என்ன சொன்னாய் என்று கேட்க அப்பாவுக்கும் உரிமை இல்லை. கேட்டதை வெளியிடக் குருவுக்கும் உரிமை இல்லை. 983-ஆம் பிரிவு அந்த இரகசியத்தை மீறவே கூடாது என்கிறது. 70 வயதுப் பெரியவரின் மனச்சான்றுக்குத் தரும் அதே மதிப்பை 7 வயதுப் பிள்ளைக்கும் திருஅவை தருகிறது.

அதே பிள்ளை வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்கிறது? "உனக்கென்ன தெரியும்?" "பெரியவங்க பேசும்போது வாயை மூடு." வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னால், இன்னும் நாலு வாய் சாப்பிடு என்கிறோம். அந்த மாமாவின் மடியில் உட்காரமாட்டேன் என்றால், மரியாதை தெரியாத பிள்ளை என்கிறோம். கடவுளின் முன் நின்று தன்னைத் தானே ஆய்ந்து பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பசியும் தன் அச்சமும் தெரியாதா?

பிள்ளையைக் கூர்ந்து பார்த்த ஒரு கத்தோலிக்கப் பெண்மணியை இங்கே நினைக்க வேண்டும். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1907-ஆம் ஆண்டு திருக்காட்சிப் பெருவிழா நாளான ஜனவரி 6-இல், உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். விளையாட்டுப் பொருள்களையும் கற்கும் கருவிகளையும் ஆசிரியை அலமாரியில் பூட்டி வைப்பது அங்கே வழக்கம். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வரவும் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால், குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துவைத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கோ, எது வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிகிறது என்பது புரிந்தது. அதன்பின் பூட்டிய அலமாரிக்குப் பதிலாக, குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளை வைத்தார்.

அவர் நமக்கு அந்நியர் அல்லர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். நம் புதுச்சேரியிலும் 1943-இல் தொடங்கிய ஆசிரமப் பள்ளி, பட்டமோ பட்டயமோ வழங்காமல், பிள்ளைகளின் உள்ளார்வத்தை வழிகாட்டியாகக் கொள்ளும் கல்விமுறையை நெடுங்காலமாக நடத்திவருகிறது. அவர்கள் வழிபாடு வேறு, நம் விசுவாசம் வேறு. எனினும், பிள்ளையை நம்பினால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு நம் ஊரிலேயே மறுமொழி உண்டு.

அப்படியானால் பிள்ளை சொல்வதெல்லாம் சட்டமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நற்செய்தி அந்தக் கோவிலோடு முடியவில்லை. இயேசு பெற்றோருடன் நாசரேத்துக்குச் சென்று அவர்களுக்குப் பணிந்து நடந்தார் என்று லூக்கா எழுதுகிறார். நம் தேங்காய்த்திட்டில் கடலுக்குப் போகும் தந்தையரைக் கேளுங்கள். மகனை முதல் நாளே படகோடு தனியாக அனுப்புவதில்லை. முதலில் கரையில் வலையைப் பிரிக்கச் சொல்வார்கள். பிறகு கூடவே அழைத்துப்போய், வாடைக்காற்றா கொண்டலா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். முகத்துவாரத்தில் அலை தூக்கும்போது சுக்கானைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். ஆழ்கடலில் அமைதியான நேரத்தில் அவன் கையில் கொடுப்பார்கள். ஆனால் கடைசிவரை சுக்கானைத் தொடவிடாத தந்தையின் மகன், தந்தை இல்லாத நாளில் என்ன செய்வான்? ஆபத்தில் நாம் பிடிப்போம். மற்ற நேரங்களில் அவர்கள் பிடிக்கட்டும்.

இதில் உயிரைத் தொடும் ஒரு காரியமும் உண்டு. பெரியவர் யார் எது சொன்னாலும் கேட்க வேண்டும் என்று மட்டுமே பழக்கப்பட்ட பிள்ளை, கெட்ட எண்ணத்தோடு நெருங்கும் பெரியவருக்கும் கீழ்ப்படியும். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் பழகாத நாக்கு, வெளியே எப்படிச் சொல்லும்? சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? ஒருவரைப் பார்த்து உங்கள் பிள்ளை ஒதுங்கினால், அவர் உறவினராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், அங்கி அணிந்த எங்களில் ஒருவராகவும் இருக்கலாம், பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். 18 வயதுக்குட்பட்டோரைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம், குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. 1098 என்ற எண்ணை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். குடும்ப மானம், பங்கின் பெயர் என்று எதையும் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது, கடவுள் கொடுத்த மனச்சான்றையே அடைப்பதாகும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 10-ஆம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பாடப்பிரிவு, 12 முடிந்ததும் எந்தப் படிப்பு, பிறகு எந்த வாழ்வு என்ற கேள்விகள் நம் வீடுகளை உலுக்குகின்றன. வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எந்த வற்புறுத்தலும் கூடாது என்பது விசுவாசிகள் அனைவரின் உரிமை என்று திருஅவைச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு கூறுகிறது. புனித தோமா அக்குவினாசைக் குடும்பத்தார் பெரிய துறவு மடம் ஒன்றின் தலைவராக்க விரும்பினார்கள். அவரோ பிச்சையெடுத்து வாழும் தோமினிக்கன் சபையில் சேர்ந்தார். 1244-இல் உடன்பிறந்தவர்களே அவரை வழிமறித்துக் கொண்டுவந்து, ஏறத்தாழ ஓராண்டு குடும்பக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். அவர் மனம் மாறவில்லை. குடும்பத்தின் ஆசை வென்றிருந்தால், குருமாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த மாபெரும் இறையியலாளரை நாம் இழந்திருப்போம்.

இந்த விழாவின் இரண்டாம் வாசகத்தில் பவுலடியார், பிள்ளைகள் மனந்தளரும்படி அவர்களுக்கு எரிச்சல் ஊட்டக் கூடாது என்று தந்தையரை எச்சரிக்கிறார். பிள்ளைகள் கீழ்ப்படியச் சொன்ன கையோடுதான் இதையும் எழுதுகிறார். முதல் வரியைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நினைவூட்டும் நாம், அடுத்த வரியையும் நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்.

இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். பிள்ளை தவறு செய்தால், தண்டிக்கும் முன் அன்னை மரியாவைப் போல ஏன் என்று கேட்டு, பதில் முடியும்வரை பொறுத்திருப்போம். உடை, உணவின் அளவு, விளையாட்டு போன்றவற்றில் தினமும் ஒன்றையாவது அவர்கள் தீர்மானத்துக்கு விடுவோம். பிள்ளை சொல்லும் ஒரு வேண்டாம் என்ற சொல்லையாவது மதிப்போம்.

செபிப்போம். அன்புத் தந்தையே இறைவா, உம் திருமகனை ஒரு பிள்ளையாக எங்களிடம் ஒப்படைத்தீர். எங்கள் பிள்ளைகளையும் நீரே ஒப்படைத்திருக்கிறீர். அவர்கள் எங்கள் உடைமை அல்ல, உம்முடையவர்கள் என்று உணரச் செய்யும். அவர்களுக்குள் நீர் பேசுவது எங்களுக்குப் புரியாதபோதும், அன்னை மரியாவைப் போல அதை உள்ளத்தில் காத்துக்கொள்ளும் பொறுமையைத் தாரும். யாரிடமும் சொல்ல முடியாமல் அழும் பிள்ளைகளுக்கு, நம்பிக் கேட்கும் ஒரு செவியைத் தாரும். அந்தச் செவி எங்களுடையதாக இருக்கட்டும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.