கத்தியைக் கொடுத்தவர் எங்கே?

2018 பிப்ரவரி 6 இரவு, பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவரின் பிறந்தநாளுக்குக் கூடியிருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் போலீசார் சுற்றிவளைத்துப் பிடித்தனர். அங்கே அரிவாளால் கேக் வெட்டப்பட்டது. தப்பியோடிய அந்த ரவுடி சில நாட்களில் அம்பத்தூர் துணை ஆணையர் அலுவலகத்தில் சரணடைந்தார். 2022 ஜனவரி 1 முதல் இந்தப் பகுதிகளைச் சேர்த்து ஆவடிக்கே தனிக் காவல் ஆணையரகம் வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் கும்பல்களுக்கு ஆள் கிடைத்தபடிதான் இருக்கிறது. காரணம், ஆளை வெட்டியவனை அடைப்பதில் உள்ள வேகம், அவனைச் சேர்த்துக் கத்தி கொடுத்தவரைத் தண்டிப்பதில் நமக்கு இல்லை.

நாம் பெரிதும் நம்பியிருப்பது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தை. குண்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். 2014 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கே அது பாயும். ஆனால் அடைபட்டவரின் குடும்பத்தார் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், அவருக்குக் கொடுத்த ஆவண நகலைப் படிக்க முடியவில்லை என்ற காரணங்களால் பல ஆணைகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. உள்ளே போய் வந்தவன் என்ற பெயரே அவனுக்குத் தெருவில் கெத்தாகிறது. மூல வழக்கோ கிடப்பில் கிடக்கிறது. அதற்குள் சாட்சி பிறழ்ந்துவிடுகிறார்.

மாமூல் கொடுத்து நொந்த கடைக்காரர், அந்த ஓராண்டாவது எங்களுக்கு நிம்மதி என்பார். அவருடைய பயம் உண்மையானது. அதை மனித உரிமைப் பேச்சால் தள்ளிவிடுவது அநியாயம். அவருக்கு வேண்டியது நிலைக்கும் பாதுகாப்பு. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே ஏற்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. ஆவடியில் சாட்சி சொல்பவருக்கு அப்படியொன்று இருப்பதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? எல் சால்வடோரைப் போலக் கும்பல்காரர்களை மொத்தமாக அள்ளி உள்ளே போடலாமே என்பாரும் உண்டு. அங்கே கொலைகள் பெருமளவு குறைந்தன, மறுக்கவில்லை. கூடவே குற்றமற்றவர்களும் விசாரணையின்றி அடைபட்டார்கள். போலீஸ் சந்தேகத்தில் எப்போதும் முதலில் சிக்குவது நம் குடிசைப் பகுதிப் பையன்தான் என்பதால், அந்த விலையை நான் ஏற்கமாட்டேன்.

பாஸ்டன் நகரம் 1996இல் வேறு வழியில் போனது. போலீசும் நன்னடத்தை அதிகாரிகளும் சமூகப் பணியாளர்களும் கும்பல் இளைஞர்களை நேரில் அழைத்து, சுட்டால் கும்பல் முழுவதன் மீதும் நடவடிக்கை, விலகினால் உதவி என்றார்கள். இளைஞர் கொலைகள் பாதிக்கும் மேல் குறைந்தன. நம்மிடமும் கருவி உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 83(2) பிரிவு: சிறுவரைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். பதினாறு வயதுப் பையன் பட்டாக்கத்தியோடு பிடிபட்டால், பைக் யாருடையது, கத்தி வாங்கிக் கொடுத்தது யார், ஜாமீன் செலவு யார் பொறுப்பு என்று விசாரணை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வழக்கறிஞர்களையும் வணிகர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: சிறுவர் சிக்கிய ஒவ்வொரு வழக்கிலும் இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டதா என்று காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.