பெயர் கேட்க வருபவரிடம் காரணம் கேளுங்கள்

(ஈப்போவில் சமூகத் தொண்டர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட ஞாயிறு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் இலவச டியூஷன் வகுப்பு நடத்தினோம். எந்தெந்தப் பின்னணியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று நன்கொடை கொடுத்தவர் கணக்குக் கேட்டார். உடனே ஒரு பாரம் அடித்தோம். பெயர், அடையாள அட்டை எண், இனம், மதம், வருமானம், பிறப்புப் பத்திரம் உண்டா இல்லையா. யாரோ ஒருவர் 'ஜாதி' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்திருந்தார். டியூஷனுக்கும் ஜாதிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

பாரத்தை அரிசி மூட்டையோடு சேர்த்துக் கொடுத்தோம். எல்லாரும் நிரப்பினார்கள். அந்தத் தாள்களைப் படம் எடுத்துத் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டே நாளில் அது குடியிருப்பு முழுக்கச் சுற்றிவிட்டது. ஒரு பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, தகப்பன் பெயர்க் கட்டம் காலி. மறு வாரம் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அதன் தாயார் வாசலிலேயே நின்று சொன்னார்: "அண்ணே, எழுதலேன்னா அரிசி கிடைக்காதுன்னு நெனச்சேன். எழுதினேன். நீங்க ஊருக்கே காட்டுவீங்கன்னு நெனைக்கல."

அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் அது சம்மதமா? பசிக்கு முன்னால் நீட்டிய தாளில் விழுந்த கையெழுத்து அது.

அப்படியானால் கணக்கே எடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். குடியுரிமைப் பத்திரம் இல்லாத நம்மவர் விவகாரத்தையே பாருங்கள். மூன்று லட்சம் பேர் என்று ஒரு தரப்பு பல ஆண்டுகள் சொன்னது; அவ்வளவு இல்லவே இல்லை என்றது இன்னொரு தரப்பு. 2011-இல் 'மைடஃப்தார்' பதிவு இயக்கம் நடந்தது, 2017-இல் மறுபடியும் பெரிய அளவில் நடந்தது. 2018-இல், சிவப்பு அடையாள அட்டையோடு 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அரசாங்கம் அறிவித்தது. பெயர், வயது, ஆவணம் என்று வரிசைப்படுத்திக் காட்ட முடிந்ததால்தான் அது நடந்தது. கணக்கு இல்லாத இடத்தில் வாய்ச்சண்டைதான் மிஞ்சும். நம் தொண்டர் குழுக்களும் அப்படித்தான். பொறுப்பாளர்கள் எல்லாரும் ஒரே தெருக்காரர்களா, ஒரு பெண்ணாவது உண்டா என்று எண்ணிப் பார்க்காமல் "நாங்கள் அனைவருக்கும் பொது" என்று பேனர் கட்டி என்ன பயன்?

ஆனால், ஒரு காரணத்துக்காக எழுதிய தாள் வேறு காரணத்துக்குப் பயன்படும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை. 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. 12 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் படம் எடுத்து, கைரேகை வைத்து, அட்டை கொடுத்தார்கள். பாதுகாப்புக்கு என்றுதான் சொன்னார்கள். பிறகு 1969-இல், குடியுரிமை இல்லாதவருக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று ஆனபோது, அட்டையின் நிறமே வயிற்றுப்பாட்டைத் தீர்மானித்தது. பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் பெட்டி கட்டிக் கப்பல் ஏறின. பாரத்தைப் பார்த்ததும் நம் பாட்டிமார் முகம் மாறுவது அறியாமையால் அல்ல, ஐயா.

இன்று சட்டம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. அது வணிகம் சார்ந்த விவகாரங்களுக்குத்தான். மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. லாப நோக்கமில்லாமல் டியூஷன் நடத்தும் எங்களைப் போன்ற குழுவையும் அது பெரும்பாலும் தொடாது. இன்னொன்றும் கவனியுங்கள். உடல்நலம், அரசியல் கருத்து, மதம், குற்றப் பதிவு இவற்றை அந்தச் சட்டம் 'கூருணர்வுத் தரவு' என்று தனியாகக் காக்கிறது. 2024 திருத்தம் கைரேகை, முக அடையாளம் போன்றவற்றையும் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இனம் இல்லை. இனத்தைக் கேட்காத பாரம் இந்த நாட்டில் அபூர்வம் என்பது உங்களுக்கே தெரியும்! ஆக, எங்களைப் போன்றவர்களைத் தட்டிக்கேட்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

இப்போது எங்கள் பாரத்தில் மூன்றே கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது கிழித்துப் போடுவோம் என்று தமிழில் எழுதியிருக்கிறோம். படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறோம். அரிசி ஒரு நாள், பாரம் வேறொரு நாள். "சொல்ல விருப்பமில்லை" என்பதும் ஒரு விடை. அதற்கு ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இனம் என்ற இடத்தில் கட்டங்களையே எடுத்துவிட்டு வெறும் கோடு போட்டோம். பேராக்கில் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்த சீனப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! எங்கள் குழுவிலேயே அப்படி ஓர் அக்கா இருக்கிறார். தேவாரம் பாடினால் கண்ணை மூடிக் கேட்கலாம். அவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? 'லாயின்-லாயின்' என்று யாரோ டிக் அடிப்பதைவிட அவரே எழுதட்டும்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் ஏமாற்று வேலை. நாற்பது தொண்டர்களில் ஓராங் அஸ்லி இளைஞர் ஒரே ஒருவர் என்றால், "ஓராங் அஸ்லி, வயது 19, வருமானம் இவ்வளவு" என்ற வரி அவருடைய முகத்தையே அச்சடித்தது மாதிரி. அதனால் ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் அறிக்கையில் தனியாகக் காட்டுவதில்லை. நன்கொடையாளர் ஒருவர் இதனால் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அந்தத் தாயார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பிள்ளை வேறு வகுப்புக்குப் போவதாகக் கேள்வி.

அந்தப் பழைய தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இன்று கொண்டுவந்திருக்கிறேன், மேசைக்கு அடியில் இருக்கிறது. உங்கள் குடும்பத் தாள் அதில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டியிருக்கிறோம். யாரும் கேட்காத தாள்களை நாளைக் காலை எரித்துவிடுகிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.