சிறாரின் குடல் அழற்சியும் மலமாற்று சிகிச்சையும்

மலத்தை மருந்தாக்குவது என்ற பேச்சு கேட்பவரை முகம் சுளிக்க வைத்தாலும், மலம் என்பது உண்டதில் எஞ்சிய சக்கை மட்டுமன்று. நீரை நீக்கிவிட்டால் அதன் எடையில் கணிசமான பங்கு, பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளே ஆகும். உடல்நலமுள்ள ஒருவரின் மலத்திலிருந்து அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பிரித்தெடுத்து, நோயுற்றவரின் குடலில் சேர்க்கும் முறையே மலமாற்று சிகிச்சை எனப்படுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், கடுமையான குடல் அழற்சிக்கு ஆளான 4 நோயாளிகளுக்கு இதை எனிமாவாகச் செலுத்திக் குணம் கண்டதை 1958இலேயே வெளியிட்டனர்.

இம்முறைக்கு மருத்துவ உலகில் மதிப்பைத் தேடித் தந்தது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு. ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலின் நல்ல நுண்ணுயிரிகளை அழித்துவிடும்போது, ஆளில்லா வீட்டுக்குள் புகுந்தவரைப் போல இந்தக் கிருமி அங்கே பெருகுகிறது. வீட்டுக்குரியவர்கள் திரும்பினால் அதற்கு இடமில்லாமல் போகிறது. ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் மீண்டும் மீண்டும் வந்த 16 பேருக்கு மலமாற்று சிகிச்சை அளிக்கப்பட, ஒரே தடவையில் 13 பேர் குணமடைந்தனர்.

இந்த வெற்றியை அப்படியே குழந்தைகளின் நாட்பட்ட குடல் அழற்சி நோய்க்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், செரிமானப் பாதையின் எப்பகுதியையும் தாக்கக்கூடிய கிரோன் நோய் ஆகிய இரண்டும் இவ்வகையில் அடங்கும். இவற்றில் விரட்டப்பட வேண்டிய தனியொரு கிருமி கிடையாது. பரம்பரைக் கூறுகளும் உடலின் எதிர்ப்பாற்றலும் குடல்வாழ் நுண்ணுயிரிகளும் ஒன்றோடொன்று முரண்படுவதால் அழற்சி நீடிக்கிறது. இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கோடு நில்லாமல், வளரும் வயதில் உயரமும் எடையும் தேங்கிப்போவதும், பருவமடைதல் தள்ளிப்போவதும் சிறாருக்கு இந்நோய் இழைக்கும் தனிக்கேடுகள். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் கொடுத்தால் அதுவும் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால், பெற்றோர் வேறு வழி தேடுவதில் வியப்பில்லை.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள பெரியவர்கள் 75 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு இங்கே கருதத்தக்கது. மலமாற்று எனிமா பெற்ற 38 பேரில் 9 பேருக்கு நோய் தணிந்தது. வெறும் நீர் எனிமா பெற்ற 37 பேரில் 2 பேருக்கு மட்டுமே தணிந்தது. அந்த 9 பேரில் 7 பேருக்கு ஒரே கொடையாளரின் மலமே செலுத்தப்பட்டிருந்தது என்பது, மற்ற எண்களைவிடக் கூடுதலாகச் சிந்திக்க வைக்கும் செய்தி. மருந்துக் கடை மாத்திரை எங்கு வாங்கினாலும் ஒன்றாகவே இருக்கும். இங்கோ கொடையாளர் மாறினால் மருந்தே மாறிவிடுகிறது.

சிறாரிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உடைய, 7 முதல் 21 வயதுக்குட்பட்ட 10 பேருக்குத் தொடர்ந்து 5 நாள் எனிமா கொடுக்கப்பட்டது. ஒருவரால் அதை உள்ளே தக்கவைத்துக்கொள்ள இயலவில்லை. மற்ற 9 பேரில் 7 பேருக்கு ஒரு வாரத்துக்குள் தொல்லைகள் குறைந்தன. இதற்கு மாறாக, சியாட்டில் நகரில் மூக்கு வழிக் குழாயில் மலக்கரைசல் பெற்றவர்களில், கிரோன் நோயுள்ள 9 பேரில் 7 பேருக்கு இரண்டே வாரத்தில் நோய் தணிய, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 4 பேருக்குப் பயன் எதுவும் தெரியவில்லை. இவ்விரண்டிலும் ஒப்பீட்டுக்கெனச் சிகிச்சை பெறாத குழு இல்லை. தானே ஏறி இறங்கும் இயல்புடைய இந்நோயில், தணிந்ததெல்லாம் சிகிச்சையாலேயே தணிந்தது என்று சொல்லிவிட முடியாது. பின்னர்க் கனடாவில் ஒப்பீட்டுக் குழுவுடன், வாரம் இருமுறை எனிமா என 6 வாரம் நடத்தப்பட்ட சிறார் ஆய்விலும் சேர்ந்தவர்கள் 25 பேரே.

செய்முறை எளிது: மலத்தை உப்புநீரில் கரைத்து, நார்களும் திப்பிகளும் போக வடிகட்டி, கிளிசரால் சேர்த்து உறைநிலைக்கு வெகு கீழே சேமிக்கின்றனர். எளிமையாகத் தோன்றுவதாலேயே சிலர் இதை வீட்டிலேயே செய்துபார்க்கத் துணிகின்றனர். அது வீண் விபரீதம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், ஒட்டுண்ணிகள், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் எனக் கொடையாளரின் இரத்தத்திலும் மலத்திலும் நீண்ட சோதனைகள் தேவை. மருந்தை எதிர்க்கும் ஈ.கோலை பாக்டீரியா கலந்த மலத்தைப் பெற்ற ஒருவர் இறந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல் அறிவித்தது; அந்தக் கொடையாளரின் மலத்தில் அக்கிருமிக்கான சோதனை செய்யப்பட்டிருக்கவில்லை. வயது குறைந்த உடலில் குடியேற்றப்படும் அயல் நுண்ணுயிரிகள் அதனோடு பல பத்தாண்டுகள் வாழக்கூடும் என்பதால், சிறார் மருத்துவர்கள் பெரியோர் மருத்துவர்களைவிடத் தயங்குவது நியாயமே.

கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வரை வழக்கமான உணவை அறவே நிறுத்தி, சத்துத் திரவ உணவை மட்டுமே கொடுத்து அழற்சியைத் தணிக்கும் முறை, சிறார் மருத்துவத்தில் முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்கெனவே நிலைபெற்றிருக்கிறது. அம்முறையிலும் குடல் நுண்ணுயிரிகள் மாறுகின்றன. அதில் கொடையாளரும் தேவையில்லை, அவர் வழியே வரும் தொற்று அபாயமும் இல்லை.