கம்பியில் குத்திய கடிதங்கள்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"ஏதாவது விஞ்ஞானம் பேசுங்கோ ஸார், ஆனா டிபன் ஆறிடக் கூடாது" என்று காரியதரிசி உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே சார்லஸ் டார்வினின் சித்தாந்தத்தை விட்டுவிட்டு, அவருடைய தபாலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் அகங்களில் அந்த நாளில் ஒரு கம்பி தொங்கும். வந்த கார்டு, இன்லண்ட் லெட்டர் எல்லாம் அதில் குத்தி ஏறும். டார்வினும் அப்படித்தான். கம்பிகள் நிறைந்ததும் பல வருஷத்துக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிட்டு, காலியான கம்பியில் மறுபடி குத்துவாராம். 1862க்கு முன் வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படியே போயின என்று மகன் ஃபிரான்சிஸ் எழுதியிருக்கிறார்.

அப்படியும், அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்கள் தேறின. கேம்பிரிட்ஜில் 1974ல் தொடங்கிய பதிப்புப் பணி 30 தொகுதிகளாக முடிய 2023 ஆயிற்று. பெற்றுக்கொண்டவர்கள் பத்திரப்படுத்தியதால்தான் அவர் எழுதியவை தப்பின. ஜீவராசிகள் மாறாதவை அல்ல என்று, கொலையை ஒப்புக்கொள்கிறவர் போலத் தயங்கி அவர் 1844ல் எழுதியது, தாவரவியல் நண்பர் ஹூக்கருக்கு. அதே வருஷம் ஜூலையில் மனைவி எம்மாவுக்கும் ஒரு கடிதம்: நான் திடீரென்று இறந்தால், 400 பவுன் ஒதுக்கி இந்தக் கட்டுரையை அச்சிட ஏற்பாடு செய். புத்தகம் வெளிவந்தது 1859ல்!

டவுன் என்ற கிராமத்தில் 40 வருஷம் இருந்தவருக்குத் தபால்தான் கையும் காலும். நம் கல்கத்தாவுக்கும் இதில் பங்குண்டு. ஆசியாட்டிக் சொசைட்டி மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத், 1855ல் இங்குள்ள வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். டார்வினின் உதவியால் இங்கு வந்த தோட்டக்காரர் ஜான் ஸ்காட், தாவரவியல் பூங்காவிலிருந்து மண்புழு எச்சம் பற்றிக்கூடக் குறிப்பு அனுப்பினார்.

என்னை உலுக்கியவை 1851 ஏப்ரல் கடிதங்கள். பத்து வயது மகள் ஆனி, மால்வெர்ன் என்ற ஊரில் வைத்தியத்துக்குப் போன இடத்தில் சாகக் கிடக்கிறாள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்த தகப்பனார், எத்தனை கரண்டி கஞ்சி இறங்கியது, நாடி எப்படி என்று வேளைக்கு வேளை எழுதுகிறார். 23ஆம் தேதி எல்லாம் முடிந்தது. அதையும் அவரே எழுதினார்.

இனி என் கதை. 1970களில் நான் இங்கு வேலைக்கு வந்ததிலிருந்து, அப்பா வாரம் தவறாமல் எழுதினார். வீடு மாற்றும்போது அந்தக் கட்டை, கம்பியோடு பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். நான் எழுதியவற்றையோ அப்பா பெட்டியில் வைத்திருந்தார்; அக்கா போன வருஷம் கொடுத்தாள். "கோபிக்க வேண்டாம் அப்பா, அடுத்த மாதம் அவசியம் வருகிறேன்" என்று ஏழெட்டில் இருக்கிறது. அவர் கோபித்தாரா, கெஞ்சினாரா? என் பதிலிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான்.

உங்கள் பரணில் அப்படி ஒரு கட்டு இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். படித்தால் போட மனசு வராது.

டிபன் ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.