விமான நிலையக் குத்தகையும் பொதுஜனங்களும்

(கள்ளக்குறிச்சியில் பேசிய பேச்சின் சுருக்கம்)



கள்ளக்குறிச்சிக்கு வந்து ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோழர்கள் பஸ்ஸுக்கே மணிக்கணக்காய்க் காத்துக் கிடப்பவர்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் விமானத்தில் ஏறாதவனுடைய நிலமும் பணமும் விமான நிலையத்தில் இருக்கின்றன என்பதனாலேயே இதைப் பேச வேண்டியிருக்கிறது. அஃதன்றியும், இந்த ஜில்லாவிலிருந்து திருச்சி, சென்னை வழியாய் சிங்கப்பூருக்கும் அரபு தேசங்களுக்கும் கூலிக்குப் போகிறவர்கள் அநேகர். அவர்கள் கடன் பட்டு வாங்கும் டிக்கெட்டுக்குள்ளேயே நிலையத்தாருக்கென்று ஒரு கட்டணம் அடங்கியிருக்கிறது. அதைத் தனியாய்ப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

சங்கதி இதுதான். 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார், பொதுச் சொத்துக்களைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்டுவதற்கென்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் 25 விமான நிலையங்கள் இருந்தன. சென்னை, திருச்சி, கோயமுத்தூர், மதுரை நான்கும் அவற்றில் சேர்ந்தவை. உடனே தமிழ்நாட்டு சர்க்கார், இந்த நிலையங்களுக்கு நிலம் எடுத்து இலவசமாய்க் கொடுத்தது நாங்கள், ஆதலால் குத்தகைப் பணத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று 2022-ல் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாநில சர்க்காருக்கு மட்டும் அந்த நிலம் எங்கிருந்து வந்தது? 2018-ல் சேலம் விமான நிலையத்தை விஸ்தரிக்கச் சுமார் 570 ஏக்கர் எடுக்கப் போகிறார்கள் என்றதும் காமலாபுரம், பொட்டியபுரம் பக்கத்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்களே, அவர்களைப் போன்ற குடியானவர்களிடமிருந்து வந்ததுதான். கொடுத்தவனுக்குக் கொடுத்தவன் யார் என்று போய்ப் பார்த்தால், கடைசியில் கோவணாண்டியிடம் போய்த்தான் நிற்கும்.

தனியார் நடத்தலாமா கூடாதா என்கிற வழக்கை நாம் இன்று எடுக்கவில்லை. சர்க்கார் நடத்தினால் எல்லாம் சுத்தம் என்று நம்புகிற அளவுக்கு நாம் அப்பாவிகளுமல்ல. நாம் கேட்பது, குத்தகைப் பத்திரத்தைக் கையெழுத்தாவதற்கு முன் சொத்துக்குடையவர்கள் பார்க்கலாமா கூடாதா என்பதே.

2019-ல் நடந்ததைக் கேளுங்கள். ஆமதாபாத், ஜெய்ப்பூர், லட்சுமணபுரி, திருவனந்தபுரம், மங்களூர், கௌஹாத்தி ஆகிய ஆறு நிலையங்களை 50 வருஷக் குத்தகைக்கு ஏலம் விட்டார்கள். பிரயாணி ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பாய் என்பது கேள்வி. ஆறும் அதானி கம்பெனிக்கே போயின. திருவனந்தபுரத்துக்குக் கேரள சர்க்காரின் ஸ்தாபனம் 135 ரூபாய் கேட்டது. அதானி 168 ரூபாய் கேட்டது. அதிகம் கேட்டவனுக்குக் கொடுத்தார்கள், இதில் என்ன குற்றம் என்பீர்கள். ஏலத்தில் நாம் குற்றம் சொல்லவில்லை. கேரள சர்க்கார் தொடுத்த வழக்கை ஹைக்கோர்ட் 2020-லும், அப்பீலை சுப்ரீம் கோர்ட் 2022-லும் தள்ளிவிட்டன. ஆனால் ஏலத்துக்கு முன்னால் அதன் நிபந்தனைகளை எழுதிய இடத்தைப் பாருங்கள். 2018 டிசம்பரில் நிதி இலாகாவின் பொருளாதாரப் பகுதியார், ஒரே கம்பெனிக்கு இரண்டு நிலையங்களுக்கு மேல் கொடுக்கக் கூடாதென்று எழுதினார்கள். நிதி ஆயோக் என்னும் சர்க்கார் சபையும், போதிய திறமையில்லாதவன் கையில் போனால் காரியம் கெடும் என்று எச்சரித்தது. இரண்டும் ஒதுக்கப்பட்டன. முன் அனுபவம் கேட்காவிட்டால் போட்டி அதிகமாகும் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணம் சரியாகவே இருக்கட்டும். அது பொதுஜனங்களுக்கு எப்போது தெரிந்தது? ஏலம் முடிந்து, மூன்று நிலையங்கள் கை மாறியும் போன பின், 2021 ஜனவரியில் ஒரு பத்திரிகை எழுதித் தெரிந்தது! ஏலம் சந்தையில், நிபந்தனை அறைக்குள்ளே என்றால், சந்தையில் கூவுவதைக் கேட்டு நமக்கு என்ன லாபம்?

டில்லி கதை இதற்கும் பழையது. 2006-ல் அந்த நிலையம் ஒரு கூட்டுக் கம்பெனியின் வசமாயிற்று. 30 வருஷம், அதன்மேல் இன்னுமொரு 30 வருஷம் நீட்டிக்கொள்ளலாம். 2012-ல் தணிக்கை அதிகாரி பார்லிமெண்டில் வைத்த அறிக்கையில், வியாபாரத்துக்கு விடக்கூடிய சுமார் 240 ஏக்கர் வருஷத்துக்கு 100 ரூபாய் வாடகையில் போயிருக்கிறதென்றும், ஏலத்தின்போது இல்லாத அபிவிருத்திக் கட்டணத்தைப் பிற்பாடு பிரயாணிகள் தலையில் வைக்க விட்டதால் கம்பெனிக்கு 3,415 கோடி ரூபாய் தகாத லாபம் என்றும் கண்டார். சர்க்காரும் கம்பெனியும் அதை மறுத்தார்கள். யார் சொல்வது மெய்யானாலும், மாடு கை மாறி ஆறு வருஷம் கழித்துப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்ச் சந்தையில் உண்டா?

"இவையெல்லாம் வியாபார ரகசியம், வெளியிட்டால் போட்டி கெடும்" என்று ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். ஏலம் முடியும் வரையில் அவனவன் கேட்கும் தொகை ரகசியமாய் இருக்கட்டும். சொத்தின் மதிப்பை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள், ஆட்சேபணை சொன்ன அதிகாரி யார், ஏன் கேட்கவில்லை என்பவை எந்த வியாபாரியின் ரகசியம்? சூத்திரன் காதில் விழக்கூடாது என்று மந்திரத்தை மூடி வைத்தவர்கள் சொன்ன சமாதானத்துக்கும் இதற்கும் நமக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

மலைத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்து, 1976-ல்தான் சர்க்கார் வசமாயிற்று. அது வரையில் உங்கள் பாட்டனும் தகப்பனும் கூலியில்லாமல் உழைத்தார்கள். விளைந்ததில் பங்கும் அளந்தார்கள். எந்தப் பத்திரப்படி, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டவர் உண்டா? கேட்டிருந்தால் காட்டியிருப்பார்களா? சொத்து யாரிடம் இருந்தது என்பதைவிட, கணக்கு யாரிடம் இருந்தது என்பதே அங்கே பெரிய கொடுமை.

வெளிநாட்டிலும் இதே தொல்லைதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்னும் நகரத்தார், தங்கள் நகரசபைக்குச் சொந்தமான விமான நிலையத்தைக் குத்தகைக்கு விட யோசனை கேட்க ஆட்களை அமர்த்தினார்கள். குத்தகை முடிந்தால்தான் அவர்களுக்குக் கூலி! கலியாணம் முடிந்தால்தான் தரகுப் பணம் என்றால், மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டென்று தரகன் சொல்வானா? ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். 2019 டிசம்பரில் அந்த நகர மேயரே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார். கூச்சலுக்கும் பலன் உண்டு.

நம் கையிலும் சட்டம் இருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஜனங்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளின் விவரங்களை சர்க்கார் தாமாகவே வெளியிட வேண்டுமென்கிறது. 8-வது பிரிவு வியாபார ரகசியத்துக்கு இடம் கொடுத்தாலும், பொது நன்மை பெரிதானால் அதையும் காட்டலாம் என்கிறது. மனுவுக்கு 10 ரூபாய்; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அதுவுமில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும்.

உளுந்தூர்ப்பேட்டை பக்கத்தில் உலக யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிலம் இன்று யார் பேரில் இருக்கிறது, எவ்வளவு ஏக்கர், எவருக்காவது விட உத்தேசம் உண்டா என்ற மூன்று கேள்விகளை எழுதி முதல் மனு போடலாம் என்பது நம் அபிப்பிராயம். திருச்சி நிலையத்தைப் பற்றி இரண்டாவது மனு. எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. கூட்டம் கலைந்ததும் இந்த மேடைக்குப் பக்கத்தில் காகிதமும் பேனாவுமாய் நாம் உட்கார்ந்திருப்போம். பேரும் ஊரும் சொன்னால் போதும்.