எழுதிய வாக்கும் வாழும் வாழ்வும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அமெரிக்கர் என்றவுடன் நம் இல்லங்களில் இருவகைப் பேச்சு எழுகிறது. பிள்ளைகள் அந்நாட்டின் கல்வியையும் ஊதியத்தையும் பேசுகிறார்கள். பெரியவர்கள் 2003இல் இராக் மீது தொடுக்கப்பட்ட போரைப் பேசுகிறார்கள். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறி நடத்தப்பட்ட அப்போரின் பின்னர் அவ்வாயுதங்கள் கண்டெடுக்கப்படவேயில்லை. இரண்டும் உண்மையே. ஆனால் ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடலாகாது என அல்லாஹ் நம்மை எச்சரிக்கிறான் (5:8). ஆகவே மயக்கமும் வெறுப்புமின்றி அம்மக்களை அறிய முயல்வோம்.

அம்மக்களை ஒன்றாக இணைத்திருப்பது எது? அவர்கள் ஓர் இனத்தவர் அல்லர். ஒரே மதத்தவரும் அல்லர். எழுதி வைத்த ஒரு வாக்குறுதியே அவர்களை இணைக்கிறது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அவர்கள் பிரகடனம் செய்தார்கள். அரசு எம்மதத்தையும் அரச மதமாக நிறுவாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்காது என்று 1791இல் தங்கள் அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள்.

ஆனால் எழுதியவர்கள் அவ்வாறு வாழ்ந்தார்களா? சமத்துவப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார்!

அந்நாட்டில் அடிமைப்பட்டுக் கிடந்தோரில் முஸ்லிம்களும் இருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மார்க்கக் கல்வி கற்ற உமர் இப்னு ஸயீத் 1807இல் அங்கு அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்டார். 1831இல் அவர் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். அதன் தொடக்கத்தில் அவர் எழுதியது ஸூரத்துல் முல்க்! ஆட்சியனைத்தும் அல்லாஹ்வின் கையில் என்று அறிவிக்கும் அத்தியாயத்தை, மற்றொரு மனிதனின் உடைமையாக இருந்த ஒருவர் எழுதினார். 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்படும் முன்னரே அவர் இவ்வுலகை நீத்தார்.

சகோதரர்களே! அவ்வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. எழுதிய வாக்கைக் கையில் ஏந்தி, "இதை எப்போது நிறைவேற்றுவீர்கள்?" என்று கேட்போர் தலைமுறைதோறும் அம்மண்ணில் எழுந்தார்கள். 1967இல் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ, தம் மார்க்க நம்பிக்கையை எடுத்துரைத்து வியட்நாம் போருக்கான இராணுவச் சேவையை மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1971இல் அந்நாட்டின் உச்சநீதிமன்றமே அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. 2007இல், காங்கிரஸுக்குத் தேர்வான முதல் முஸ்லிமான கீத் எல்லிசன், ஜெஃபர்சனிடம் இருந்த அதே குர்ஆன் மொழிபெயர்ப்பின் மீது கை வைத்து உறுதிமொழி ஏற்றார். 2017இல் சில முஸ்லிம் நாட்டவரின் நுழைவுக்குத் தடை வந்தபோது, முஸ்லிமல்லாத வழக்கறிஞர்களும் விமான நிலையங்களுக்கு விரைந்து வந்து அவர்களுக்காக வாதாடினார்கள்.

தம் அரசை, தம் சாசனத்தைக் கொண்டே கேள்வி கேட்கும் இந்தத் துணிவுதான் அம்மக்களின் பண்புகளில் உயர்ந்தது. அது தளர்ந்தபோதெல்லாம் அநீதி தலைதூக்கியது.

நம் நிலை என்ன? அரபியருக்கு அரபியரல்லாதாரை விடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ இறையச்சத்தாலன்றிச் சிறப்பில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜில் அறிவித்தார்கள். ஜெஃபர்சன் எழுதுவதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் நமக்குக் கிடைத்த வாக்கு அது! ஜுமுஆவில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் நாம், பெண் பார்க்கும்போது செல்வத்தை எடைபோடுகிறோம், கைக்கூலி கேட்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் குவளை வைக்கிறோம். செய்யாததை ஏன் சொல்கிறீர்கள் என்று அல்லாஹ் நம்மிடமே கேட்கிறான் (61:2).

பெற்றோர்களே! நாளை உங்கள் பிள்ளை அந்நாட்டுக்குச் சென்றால், "உங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்பதோடு அங்குள்ளோர் நிற்கமாட்டார்கள், "நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?" என்றும் பார்ப்பார்கள். அதற்கான விடையை இன்றே நம் வீட்டில் எழுதுவோம்.

சொல்லும் செயலும் ஒன்றான நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.