காற்றுக்கு உறுதி இல்லை, உரிமை உண்டு

(கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் எதற்கெல்லாம் வழக்காடுவர் என்பதை நீதிமன்ற வாசலில் நின்று கண்டவன் நான். வேலி ஒரு முழம் தள்ளிவிட்டதென்று வழக்கு. கிணற்றுப் பங்கை மறுத்தானென்று வழக்கு. வாய்க்காலை மறித்தானென்று வழக்கு. ஆனால், நான் சுவாசிக்கும் காற்றை ஒருவன் கெடுத்துவிட்டான் என்று எவரும் என்னிடம் வந்ததில்லை. காணிக்கு உறுதி உண்டு. கிணற்றுக்குப் பங்கு உண்டு. காற்றுக்கோ உறுதியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. ஆகவே அதனை யாரும் கெடுக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணத்தை எதிர்த்து நின்ற கமக்காரரின் வரலாறு ஒன்றையே இன்று சொல்ல வந்தேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கொலம்பியா நதிக்கரையில், திரெயில் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1896 இல் தொடங்கிய உலோகம் உருக்கும் தொழிற்சாலை நாளடைவில் ஈயமும் நாகமும் உருக்கும் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1925 இலும் 1927 இலும் 409 அடி உயரமான புகைபோக்கிகள் எழுந்தன. 1930 ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 300 முதல் 350 தொன் வரையான கந்தகம் புகையோடு வெளியேறியது.

நதி தெற்கே ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக்குள் பாய்கிறது. இருபுறமும் மலை. புகையும் அந்தப் பள்ளத்தாக்கையே வழியாகக் கொண்டு எல்லையைக் கடந்தது. இரவில் நிலம் குளிர்ந்திருக்கும்போது புகை மேலே தங்கி நின்றது. காலை வெயிலில் நிலம் சூடேறியதும் காற்று மேலும் கீழுமாய்க் கலந்து, புகையைப் பயிரின்மேல் இறக்கியது. இலைகள் தம் நுண்துளைகளைத் திறந்து மூச்செடுக்கும் நேரமும் அதுவே. கந்தக வாயு இலைக்குள் புகுந்தது, பச்சை வெளிறியது, பயிர் குன்றியது, காட்டு மரங்கள் பட்டுப்போயின.

அந்தக் கமக்காரர் எங்கே போய் முறையிடுவது? அயல்நாட்டுக் காணிக்கு நேர்ந்த சேதத்தைக் கனடிய நீதிமன்றம் விசாரிக்காது என்பது அன்றைய சட்டம். கம்பனியோ வொஷிங்டனில் இல்லை. சட்டம் இரண்டு; நடுவிலே எல்லை; புகைக்கு மட்டும் எல்லை இல்லை!

அவர்கள் என்ன செய்தார்கள்? 1928 இல் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் சம்மதமின்றி எவரும் தனித்துச் சமரசம் செய்வதில்லை என்று உறுதி பூண்டார்கள். அன்பர்களே, இதனைக் கவனியுங்கள். பணமுள்ளவன் ஏழைகளைத் தோற்கடிப்பது நீதிமன்றத்தில் மட்டுமன்று. ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துச் சிறு தொகை கொடுத்து அனுப்பிவிடுவதாலும் அவன் வெல்கிறான். அந்த வழியை அவர்கள் அடைத்தார்கள். அவர்களுடைய முறையீடு இரு அரசாங்கங்களின் வழக்காயிற்று.

1931 இன் இறுதிவரையான சேதத்துக்கு 3,50,000 டொலர் என இரு நாட்டுக் கூட்டு ஆணைக்குழு விதந்துரைத்தது. சேதம் தொடரவே, 1935 இல் செய்த உடன்படிக்கையின்படி மூவர் கொண்ட நடுத்தீர்ப்பு மன்றம் அமைந்தது. அமெரிக்கா கேட்டதோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலர். 1938 இல் மன்றம் அளித்தது 78,000 டொலர் மட்டுமே. ஏன்? பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த சேதத்தில் நிரூபிக்கப்பட்டதற்கே பணம் கிடைத்தது. கால்நடைகளுக்கு நேர்ந்த கேடு நிரூபிக்கப்படவில்லை என்று மன்றம் தள்ளிவிட்டது. நீதிமன்றத்தில் கண்ணீர் சாட்சியன்று, குறிப்பேடே சாட்சி.

ஆயினும் 1941 மார்ச் 11 இல் அம்மன்றம் வழங்கிய இறுதித் தீர்ப்பு உலகச் சட்டத்துக்கே வழிகாட்டியாயிற்று. பாரதூரமான சேதமும் தெளிவான சாட்சியமும் இருக்குமிடத்து, தன் மண்ணிலிருந்து எழும் புகையால் பிறநாட்டுக்குக் கேடு செய்யும் உரிமை எந்த நாட்டுக்கும் இல்லை என்று அது கூறியது. காற்றின் போக்கையும் பயிர் வளரும் பருவத்தையும் பார்த்தே கந்தகத்தை வெளியேற்ற வேண்டுமென வரம்பும் விதித்தது. கம்பனி அழிந்துவிட்டதா? இல்லை. புகையிலிருந்த கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி, அதிலிருந்து அமோனியம் சல்பேற்று உரம் செய்து விற்றது. பயிரைக் கொன்ற பொருள் பயிருக்கு எருவாயிற்று! தொழில் வேண்டுமா, காற்று வேண்டுமா என்று நம்மை மிரட்டுவோருக்கு இதுவே மறுமொழி.

இது தூர தேசத்துக் கதையென்று எண்ணாதீர்கள். 2022 டிசம்பரில், வங்கக் கடலில் மாண்டஸ் புயல் நின்ற நாட்களில், இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுற்ற காற்று யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மூடியது. டிசம்பர் 9 ஆந் திகதி நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. தென்னாசிய நாடுகள் 1998 இல் செய்த மாலே பிரகடனம் ஒத்துழைப்பைப் பேசுகிறது. தீர்ப்பளிக்கும் மன்றம் எதனையும் அது அமைக்கவில்லை. அந்தக் குறை நீங்க அரசாங்கங்களை நாம் வற்புறுத்த வேண்டும்.

ஆனால் நம் ஊர்க் காற்றுக்கு மன்றம் உண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ், பொதுத் தொல்லையை நீக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும் உண்டு. சட்டம் தானாக நடந்து வராது; நாமே அதனை அழைத்து வரவேண்டும். புகை வந்த திகதி, நேரம், காற்று வீசிய திசை, வாடிய பயிர், இருமிய பிள்ளை என யாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். படம் பிடியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கமநல நிலையத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தனித்துப் போகாதீர்கள், சங்கமாய்ப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். நீதி கேட்டு வருபவன் தூய கையோடு வரவேண்டும் என்பது சட்ட முதுமொழி. மாலையில் நம் வளவில் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் குவித்துக் கொளுத்திவிட்டு, பிறன் புகையைப் பற்றி நீதவானிடம் எந்த முகத்தோடு பேசுவோம்? அந்தத் தீயை முதலில் நாமே அணைப்போம். பின்னர் நிமிர்ந்து நின்று உரிமை கேட்போம்.

வேலிக்காக ஒரு முழத்தையும் விட்டுக்கொடாத நாம், நம் பிள்ளைகளின் மூச்சுக்காற்றை விட்டுக்கொடுக்கலாமா? சிந்தியுங்கள்.